உன்ஸும் வஹ்ஷத்தும்

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலை வீதிகளில் கால் வைக்க இடமிராது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையில் பெருந்திரளான மக்கள் நடந்து செல்வர். அக்கூட்டத்தின் ஓரத்தில், மூடிய கடைகளின் படிகளில், அலைபேசியின் ஒளி முகத்தில் படியத் தனித்து அமர்ந்திருக்கும் ஆண்களையும் காணலாம். இஷாத் தொழுகை முடிந்து ஆளரவம் அடங்கிய பள்ளிவாசல் தாழ்வாரங்களிலும் அத்தகையோரை நாம் காண்கிறோம். ஊர் நிறைய மக்கள். உள்ளத்தைத் திறந்து பேச ஒருவரும் இல்லை. இந்நிலையின் வேர் எங்குள்ளது என்பதே ஈண்டு நம் ஆய்வு.

அரபு மொழியில் 'உன்ஸ்' என்பது நெருக்கத்தினால் விளையும் மன இதத்தைக் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் 'வஹ்ஷத்'. தனிமை தரும் வெறுமையும் அச்சமும் அதன் பொருள். காட்டு விலங்கைக் குறிக்கும் 'வஹ்ஷ்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. 'இன்ஸான்' என்னும் சொல்லை பஸ்ரா இலக்கணவாதிகள் 'உன்ஸி'லிருந்தும், கூஃபா இலக்கணவாதிகள் மறதியைக் குறிக்கும் 'நிஸ்யானி'லிருந்தும் வருவிப்பர். இரண்டுமே நமக்குப் பாடமாகின்றன. மனிதன் நெருக்கத்தால் வாழ்பவன். அருகிலிருப்பவனை எளிதில் மறந்துவிடுபவனும் அவனே.

தனித்திருத்தல் எல்லாம் வஹ்ஷத் ஆகாது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டு பக்தாதின் உயர் பதவியைத் துறந்து தனிமையை நாடினார்கள்; தமது இஹ்யாவில் 'உஸ்லா' எனப்படும் ஒதுங்கி வாழ்தலின் நன்மை தீமைகளைத் தனி நூலாகவே ஆராய்ந்தார்கள். இத்திருவண்ணாமலைக்கே தந்தையை இழந்த பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் 1896 செப்டம்பர் முதல் நாள் தனியே வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்ட அவருடைய கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆயினும் அவர் வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. பாதாள லிங்கக் குகையில் அமர்ந்திருந்த அவர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தபோது தடுத்துக் காக்க சேஷாத்திரி சுவாமிகள் இருந்தார்; 1916இல் தாயாரும் அவருடன் வாழ வந்துவிட்டார். ஹிராவிலிருந்து நடுங்கியவாறு இறங்கி வந்த பெருமானாருக்கும் போர்வை போர்த்தி ஆறுதல் கூற அன்னை கதீஜா (ரலி) அவர்கள் இருந்தார்கள். திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்திருந்தால் அது கல்வத். அக்கதவு இல்லாதபோது அதுவே வஹ்ஷத்.

கதவற்ற தனிமை இன்று உலகளாவிய நோயாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் மதிப்பிட்டது. ஆண், பெண் இருபாலரும் இதற்கு ஆளாகின்றனர். ஆயினும் ஆண் அதை வாய்விட்டுச் சொல்வது அரிது. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

இத்துயரின் வேர்களுள் ஒன்று குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்களான ஃபெலிட்டி, அன்டா ஆகியோர் சான் டியாகோ நகரில் நடத்திய பெரும் ஆய்வு 1998இல் வெளிவந்தது. அடி, இழிசொல், பாலியல் கொடுமை, குடிகாரர் உள்ள வீடு, தாய் அடிபடும் காட்சி போன்றவற்றைச் சிறுவயதில் எத்தனை வகையாக ஒருவர் அனுபவித்தாரோ, அத்தனைக்கு அவரிடம் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் தற்கொலை முயற்சியும் பிற்காலத்தில் மிகுந்திருந்தன. ஃபெலிட்டி கண்ட மற்றோர் உண்மை நுட்பமானது. பிறர் நோயென்று கருதும் பழக்கம், துன்புற்றவருக்கு அவர் தாமே கண்டுகொண்ட மருந்தாக இருக்கக்கூடும்.

அலைபேசியை இவ்வாறு நோக்கினால் பல தெளிவாகும். அடிபட்டு வளர்ந்த சிறுவன் முகங்களைக் கண்டு அஞ்சப் பழகுகிறான். யாருடைய புருவம் எப்போது நெரியும் என்பதையே கவனித்து வளர்கிறான். திரையிலோ முகம் இல்லை. பெயரை மறைத்துப் பேசலாம். நினைத்த கணத்தில் விலகலாம். அந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் முகம் பார்த்துப் பழகும் பயிற்சி அதனால் மேலும் குன்றுகிறது. 'முரட்டு சிங்கிள்' என்றும், மணமாகாத 'நைன்டீஸ் கிட்ஸ்' என்றும் தம்மைத்தாமே எள்ளிக்கொள்ளும் தமிழ் இளைஞர்களின் நகைச்சுவைக்குள் இந்நோவு ஒளிந்திருப்பதுண்டு. சிலரிடம் அது பெண்களின் மீதான வெறுப்பாகப் புளிக்கிறது. வேறு சிலரை இணையச் சூதாட்டத்தில் தள்ளுகிறது. துன்புற்ற எல்லாரும் இவ்வாறு ஆவதில்லை. பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாமல் தம்முள்ளேயே வாடுகின்றனர்.

நம் நாட்டின் நிலை என்ன? மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 சிறார்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானது தெரியவந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகளே. 'ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?' என்னும் நம் வழக்கச் சொல் எவ்வளவு பிழை!

இங்கே ஆசிரியர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடியைத் தடைசெய்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிற்று. அவ்விலக்கு பிரம்புக்குத் தரப்பட்ட அனுமதியன்று. பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி குற்றமே. சட்டத்திற்கும் முன்னதாக நம் மரபே இதைச் சொல்லிவிட்டது. பத்து வயதில் தொழுகைக்காக அடிப்பது பற்றிய ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். ஃபுகஹாக்கள் அதற்கு விதித்த கட்டுப்பாடுகளை அவர்கள் கூறுவதில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை. கொள்ளைநோயில் இளவயதிலேயே பெற்றோரை இழந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுடைய ஊக்கத்தை அழித்து, அச்சத்தால் பொய்யையும் வஞ்சகத்தையும் பழக்கிவிடும் என விளக்குகிறார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய மருத்துவ ஆய்வு அதனோடு ஒத்துப்போகிறது.

ஏற்கெனவே காயமுற்று வளர்ந்துவிட்டவருக்கு வழி என்ன? ஜுலைபீப் (ரலி) அவர்களின் வரலாறு வழிகாட்டுகிறது. தோற்றப் பொலிவற்ற அந்தத் தோழர் தம்மை யாரும் விரும்பமாட்டார் என்றே எண்ணியிருந்தார். அவருக்காக அன்சாரிக் குடும்பம் ஒன்றில் பெண் கேட்டவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே. பின்னர் ஒரு போர் முடிந்தபோது, யாரையேனும் காணவில்லையா என்று நபியவர்கள் வினவினார்கள். தோழர்கள் சிலருடைய பெயர்களைக் கூறினர். ஜுலைபீபை எவரும் குறிப்பிடவில்லை. தாம் ஜுலைபீபைக் காணாது தேடுவதாகக் கூறிய பெருமானார், அவருடைய உடலைக் கண்டெடுத்துத் தம் கைகளாலேயே ஏந்தி நின்றார்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜுலைபீப்கள் உள்ளனர். மூன்று ஜும்ஆக்களாக வராதவரைத் தேடி ஒருவர் சென்றால், வளைகுடாவிலிருந்து திரும்பித் தனித்திருப்பவரைத் தேநீருக்கு அழைத்தால், மணமாகாதவரை ஏளனம் செய்யாமல் அவருக்காக நாமே பெண் கேட்டுச் சென்றால், அதுவே சுன்னத்தின் உயிர்ப்பு. துயரம் ஆழமானதாயின் மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' மனநல உதவி 2022 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தொழுகையில் ஸலாம் கூறி வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்புகிறோம். அங்கே அமர்ந்திருப்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா? நேற்று இருந்தவர் இன்று ஏன் இல்லை என்று கேட்டோமா? கேட்கத் தொடங்குவோமாக. நம் உள்ளங்களை உன்ஸால் இணைக்க அல்லாஹ் அருள்புரிவானாக.