சர்க்கரை தானாகக் குறையுதா? உஷார்!

பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதே சாப்பாடு, அதே மாத்திரை. ஆனால் கொஞ்ச நாளாக ரத்தத்தில் சர்க்கரை குறைந்துகொண்டே வருகிறது. "அப்பாடா! பாகற்காய் ஜூஸ் நல்லா வேலை செய்யுது" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்சம் பொறுங்கள். குறைந்தது வியாதியாக இல்லாமல், உங்கள் கிட்னியின் சக்தியாகவும் இருக்கலாம்!

எப்படி என்கிறீர்களா? வேலை முடிந்த இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி பழுதானால் இன்சுலின் ரத்தத்திலேயே அதிக நேரம் தங்கிவிடும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் கதையும் இதேதான். போதாக்குறைக்குப் பசியும் மந்தமாகிவிடும். ஆக, நேற்றுவரை சரியாக இருந்த டோஸ் இன்றைக்கு அதிகப்படி. தூக்கத்தில் 'லோ சுகர்' வந்தால் உயிருக்கே ஆபத்து.

"மூணு மாச சராசரி டெஸ்ட் எடுத்தோமே, ஹெச்பிஏ1சி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. சாதாரணமாகச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிட்னி நோய் முற்றியவர்களுக்கு அது குறைவு. ரத்தசோகைக்காக எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டால் புது அணுக்கள் நிறைய வரும். சர்க்கரை ஒட்ட அவகாசமே இருக்காது. அதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலோ நேர்மாறாகக் கூட்டிக் காட்டும்!

அப்போ என்ன செய்வது? குளுக்கோமீட்டரில் விரல்நுனி ரத்தத்தை நீங்களே பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, ராத்திரி படுக்கும் முன். இன்சுலின் போடுகிறவர்கள் எப்போதாவது விடியற்காலை 3 மணிக்கும் பார்ப்பது நல்லது. டயாலிசிஸ் நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் இப்போது கிடைக்கிறது. வயிறு வழியாக டயாலிசிஸ் செய்கிறவர்களா? அதில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்தினால் சில மீட்டர்கள் தப்பாக அதிகம் காட்டும். எந்த மீட்டர் ஒத்துவரும் என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

70-க்குக் கீழே இறங்கினாலோ, வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ 3 டீஸ்பூன் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு இளநீர், ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் கிட்னி நோயாளிக்கு ஆகாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முக்கியமான ஒன்று: மருந்தை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ரீடிங் எழுதிய நோட்டோடு டாக்டரிடம் போங்கள். கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏன் குறைந்தது என்று தெரிந்த பிறகு சந்தோஷப்படலாம்!