முன்கை எலும்பு முறிவும் மருத்துவப் பதிவும்

திருவனந்தபுரம் நகருக்கு வடகிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி அமைந்துள்ளது. தேயிலைச் சரிவுகளிலிருந்து அடிவாரத்து மிளகு, கமுகு, ரப்பர்த் தோட்டங்களுக்கு இறங்கும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழையும் பனிமூட்டமும் மிகுந்த இத்தகைய இடங்களில் கால் வழுக்குவது இயல்பு. வழுக்கி விழுபவர் தம்மையறியாமலே கையை ஊன்றுகிறார். உடலின் பாரம் முன்கையில் இறங்குகிறது. முன்கை எலும்பு முறிவு பெரும்பாலும் இவ்வாறே ஏற்படுகிறது.

முறிவைச் சீர்செய்வது மருத்துவரின் பணியாகும். ஆனால் மலைப்பகுதியில் காயமடைந்தவரை முதலில் காண்பவர் மருத்துவராக இருப்பதில்லை. தோட்டத்துச் சுகாதார ஊழியரோ பள்ளி ஆசிரியரோ முதலுதவி செய்து, ஒரு குறிப்புச் சீட்டுடன் அவரைக் கீழே அனுப்புகின்றனர். அச்சீட்டில் எழுதப்பெறாத செய்தி பெரும்பாலும் பின்னர் எவராலும் எழுதப்பெறுவதில்லை.

குறியீடு என்பது யாது?

மருத்துவமனையில் நோயாளியின் குறிப்புகள் யாவும் இறுதியில் பதிவேட்டுப் பிரிவை அடைகின்றன. அங்குள்ள பணியாளர் நோயின் பெயரை உலகப் பொதுவான ஒரு குறியீடாக மாற்றுகிறார். பல மொழிகளில் பல பெயர்களால் வழங்கும் ஒரே நோயை எங்கும் ஒன்றாக எண்ணுவதற்கு இம்முறை உதவுகிறது.

பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் சிக்காகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே இதற்கு அடிப்படையாகும். 1948இல் உலக சுகாதார நிறுவனம் இப்பொறுப்பை ஏற்றபோது, மரணக் காரணங்களுடன் நோய்களும் காயங்களும் பட்டியலில் இடம்பெற்றன. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பெற்றது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1961இல் நிறுவப்பெற்ற மத்திய சுகாதாரத் தகவல் பணியகம் இத்துறையில் பயிற்சி அளித்து வந்துள்ளது. கீழே தரப்படும் குறியீடுகள் பத்தாம் திருத்தத்தைச் சார்ந்தவை.

முன்கைக்குரிய எண்கள்

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கத்தில் உள்ளது ரேடியஸ். சுண்டுவிரல் பக்கத்தில் உள்ளது அல்னா. இவற்றின் முறிவுகள் யாவும் ‘எஸ் 52’ என்னும் தலைப்பில் அடங்கும். புள்ளிக்குப் பின்வரும் இலக்கம் முறிந்த எலும்பையும் இடத்தையும் காட்டும். அல்னாவின் மேல்முனை 0, ரேடியஸின் மேல்முனை 1, அல்னாவின் நடுத்தண்டு 2, ரேடியஸின் நடுத்தண்டு 3, இரண்டின் நடுத்தண்டுகளும் 4, ரேடியஸின் கீழ்முனை 5, இரண்டின் கீழ்முனைகளும் 6 எனக் குறிக்கப்பெறும். டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ், எக்ஸ் கதிர்கள் அறியப்படாத 1814ஆம் ஆண்டிலேயே விவரித்த மணிக்கட்டு முறிவு ‘எஸ் 52.5’ ஆகும்.

இதன்மேல் இன்னோர் இலக்கமும் சேர்க்கலாம். தோல் கிழியாத மூடிய முறிவுக்கு 0. முறிவிடம் வரை காயம் திறந்திருப்பின் 1. எலும்பின் குறியீடு காயத்தின் தன்மையை மட்டுமே கூறும். காயம் நேர்ந்த விதத்தையும் இடத்தையும் குறிக்க வேறொரு குறியீடு உண்டு. மரத்திலிருந்து விழுதல் ‘டபிள்யூ 14’ ஆகும். அது விளைநிலத்தில் நிகழ்ந்திருப்பின் ‘டபிள்யூ 14.7’ என எழுதப்பெறும்.

சொல் விடுபட்டால்

மிளகு பறிக்க மரமேறிய தொழிலாளி ஒருவர் கீழே விழுந்தார் எனக் கொள்ளலாம். இடது முன்கையின் இரண்டு எலும்புகளும் நடுவில் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளிவந்துள்ளது. இதற்குரிய குறியீடுகள் ‘எஸ் 52.41’, ‘டபிள்யூ 14.7’ என்பனவாகும்.

ஆனால் சீட்டில் “விழுந்து கை முறிந்தது” என்று மட்டும் எழுதப்பெற்று, மருத்துவமனைக் குறிப்பிலும் அதுவே இடம்பெற்றால் நேர்வது யாது? தமிழில் ‘கை’ என்னும் சொல் தோள் முதல் விரல்நுனி வரை குறிக்கும். எனவே இக்காயம் முன்கைக்குரிய தலைப்பையே அடையாமல், எப்பகுதி என்று அறியப்படாத கைமுறிவுக்குரிய ‘டி 10’ என்னும் தலைப்புக்குச் சென்றுவிடும். “முன்கை முறிவு” என எழுதினால் ‘எஸ் 52.90’ கிடைக்கும். திறந்ததா மூடியதா என்பது எழுதப்படாதபோது மூடியது என்றே கொள்ளவேண்டும் என்பது விதி. பதிவேட்டுப் பணியாளர் நோயாளியைக் காண்பதில்லை. எழுதாததை ஊகிக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. மரமும் தோட்டமும் குறிப்பில் இல்லையெனின், மரமேறும் தொழிலின் ஆபத்து புள்ளிவிவரத்திலிருந்தே மறைந்துவிடும். பிற்காலத்தில் இழப்பீடு கோரும் தொழிலாளிக்கும் அக்குறிப்புத் துணை நிற்காது.

கணக்குக்கு மட்டுமன்றிச் சிகிச்சைக்கும் இச்சொற்கள் இன்றியமையாதன. திறந்த முறிவில் கிருமிகள் எலும்பை அடையக்கூடும். கிருமியெதிர் மருந்தும் டெட்டனஸ் தடுப்பும் இயன்ற விரைவில் தேவைப்படும். கட்டுப்போட்ட பின் காயத்தின் தோற்றம் மறைந்துவிடுவதால், கட்டுவதற்கு முன் கண்டதை எழுதுதல் அவசியம். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் சுருங்கிக் கை நிரந்தரமாக முடங்கக்கூடும் என்பதை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881இல் விளக்கினார். கட்டுப்போட்ட நேரம் சீட்டில் இருப்பின், கீழே உள்ள மருத்துவர் ஆபத்தின் அளவை உடனே உணர்வார்.

எழுதவேண்டுவன

களப்பணியாளரும் ஆசிரியரும் எலும்பின் பெயரையோ குறியீட்டையோ எழுதவேண்டியதில்லை. கண்டதைத் தெளிவாக எழுதினால் போதும்:

1. வலக்கையா, இடக்கையா. பத்தாம் திருத்தத்தின் எண்கள் பக்கத்தைக் காட்டா. ஆதலால் சொல்லால் எழுதுதல் வேண்டும்.
2. வலியும் வீக்கமும் உள்ள இடம்: முழங்கை அருகில், நடுவில், மணிக்கட்டு அருகில்.
3. தோல் கிழிந்துள்ளதா, இல்லையா. இல்லையெனினும் “இல்லை” என்றே எழுதுக.
4. விரல்களின் அசைவு, உணர்வு, நிறம்.
5. எவ்வாறு, எங்கே, என்ன வேலையில் அல்லது விளையாட்டில் விழுந்தார் என்பது.
6. விழுந்த நேரமும் கட்டுப்போட்ட நேரமும்.

இவ்வாறும் செய்திகளை எழுத ஐந்தாறு வரிகள் போதும். சீட்டு மழையில் நனையாதவாறு நோயாளியிடமோ உடன் செல்வோரிடமோ ஒப்படைக்கப்பெறுதல் வேண்டும். வலியால் துன்புறுபவர் மலைப்பாதையைக் கடந்து சேரும்போது பேசும் நிலையில் இல்லாமற்போகலாம். அப்போது அவருக்காகப் பேசுவது அச்சீட்டேயாகும்.