தேங்கி நிற்கும் துளி

ஜப்பானின் கித்தாக்யூஷூ நகரைச் சேர்ந்த டோட்டோ நிறுவனம் 1980 ஜூன் மாதம் ‘வாஷ்லெட்’ என்ற கழிப்பறை இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்தினால் போதும். அடியிலிருந்து ஒரு சிறு குழாய் நீண்டு வந்து, வெதுவெதுப்பான நீரால் கழுவிவிட்டு உள்ளே போய்விடும். இதை வடிவமைத்தவர்கள் முதலில் திணறியது மின்சாரத்தில் இல்லை. நீர் சரியாக எந்த இடத்தில் படவேண்டும் என்பதில்தான். அதற்கான அளவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆகவே தங்கள் ஊழியர்களையே, ஆண்களும் பெண்களுமாக ஏறக்குறைய 300 பேரை உட்காரவைத்து, கோப்பையின் குறுக்கே கட்டிய கம்பியில் இடத்தைக் குறிக்கச் சொல்லி அளவெடுத்தார்கள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அளவு கொடுத்த அந்த ஊழியர்களை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். முடிவில், நீரின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அது பீய்ச்சும் கோணம் 43 டிகிரி என்று தீர்மானமானது.

அந்தக் கோணத்துக்கு ஒரு காரணம் உண்டு. குழாய் செங்குத்தாக மேல்நோக்கி அடித்தால், உடலில் பட்டு அழுக்கோடு இறங்கும் நீர் குழாயின் தலையிலேயே விழும். 43 டிகிரி சாய்வில் அடித்தால் அது விலகி, கோப்பைக்குள் போய்விடும். கழுவும் கருவி தானே அழுக்காகிவிடக் கூடாது என்ற கவலை அந்தச் சாய்விலேயே இருக்கிறது.

ஆனால் கோணத்தால் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது: நாசில் எனப்படும் அந்தச் சிறு குழாயின் உட்புறம். ஒவ்வொரு முறையும் நீர் நின்ற பிறகு சில துளிகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இருட்டு, ஈரம், மிதமான சூடு. நுண்ணுயிர்கள் வேறென்ன கேட்கும்?

தண்ணீரில் மிதந்து திரியும் ஒரு பாக்டீரியா ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டால் அதன் நடத்தையே மாறுகிறது. தன்னைச் சுற்றிப் பசை போன்ற சர்க்கரைச் சேர்மங்களைச் சுரக்கிறது, அங்கேயே பெருகுகிறது, வேறு இனங்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. நாள்பட்டால் அது ஒரு படலமாகிறது. உயிர்ப்படலம் என்று இதைச் சொல்கிறார்கள். பல நாள் தேய்க்காத குடத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுக்குமே, அது இதுதான். குழாய்நீரில் கலந்திருக்கும் குளோரின் இந்தப் படலத்தின் மேல்தோலில் வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. அடியில் இருக்கும் உயிர்களுக்கு அதன் வீரியம் எட்டுவதில்லை. அதனால்தான் உயிர்ப்படலத்தை மருந்து ஊற்றி மட்டும் ஒழிக்க முடியாது. தேய்த்து உடைக்க வேண்டும். ஐந்து ரூபாய் பழைய பல்துலக்கி செய்யும் வேலையை விலையுயர்ந்த திரவம் செய்யாமல் போவதன் காரணம் இந்தப் பசை.

ஜப்பானிய மருத்துவமனைகளில் இத்தகைய இருக்கைகளின் நாசிலைத் துடைத்துச் சோதித்தபோது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா கிடைத்திருக்கிறது. ஈரமான இடமெல்லாம் அதற்கு வீடு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரை அது பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், அறுவைச் சிகிச்சைப் புண் ஆறாதவர் ஆகியோருக்கு அது ஆபத்தாகலாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் நாசிலைத் துடைப்பதை வாரத்துக்கு ஒருமுறை என்று விட்டுவைக்காமல் அன்றாட வேலையாக்குவது நல்லது.

தேக்கத்தை எதிர்க்க டோட்டோவின் பொறியாளர்கள் பின்னாளில் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. குழாய்நீரில் இயல்பாகவே கொஞ்சம் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பகுதி, கரைந்திருக்கிறது. அந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரைடு குளோரினாகி, நீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் பொருளும் அதுதான். இந்த நீர் நாசிலின் உள்ளும் புறமும் ஓடிக் கழுவுகிறது. சிறிது நேரத்தில் வீரியம் இழந்து மீண்டும் சாதாரண நீராகிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு மருந்துகூடச் சேர்ப்பதில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சுவரில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட். மின்சாரம் இல்லை, வெந்நீர் இல்லை, தானாகக் கழுவிக்கொள்ளும் வசதியும் இல்லை. தேக்கம் மட்டும் உண்டு. ஒரு மீட்டர் நீள ஹோஸ் முழுக்க உண்டு. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் கொஞ்சமாவது இருக்கும். போர் தண்ணீரில் அதுவும் கிடையாது. அதற்குப் பதில் உப்பு இருக்கிறது. குடிநீரின் கடினத்தன்மை, அதாவது இத்தகைய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கழிப்பறைக்கு வரும் போர் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஃபாசெட்டின் முகத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

அந்த வெள்ளை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஓட்டைகளை அடைத்து, நீரைத் தாறுமாறாகத் தெறிக்கவிடுவது அதன் ஒரு தொல்லை. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது: சொரசொரப்பான உப்புப் படிவு, வழவழப்பான உலோகத்தைவிட உயிர்ப்படலம் பற்றிக்கொள்ள வசதியான தரை. ஆகவே உப்பை நீக்குவதே கிருமி நீக்கத்தின் முதல் பாதி. வினிகரைச் சம அளவு தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஃபாசெட்டின் தலை அதில் மூழ்கும்படி கட்டி, அரைமணி நேரம் விட்டால் போதும். சிறு குமிழிகள் எழும். கார்பனேட் கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். பிறகு பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக நீரை ஓடவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் முலாம் கெட்டுவிடலாம். அங்கிருக்கும் ரப்பர் வாஷரும் கெடலாம். முலாம் போன இடத்தில் உப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

வாஷ்லெட் போன்ற மின்சார பிடே இருக்கை வைத்திருப்பவர்கள் வினிகர் பையை மறந்துவிடலாம். ‘நாசில் கிளீன்’ பொத்தானை அழுத்தினால் குழாய் வெளியே வந்து நிற்கும். அதைப் பிடித்து இழுக்காமல், ஈரத் துணியாலோ மென்மையான பல்துலக்கியாலோ துடைத்தால் போதும். இருக்கையைத் துடைக்கும்போது மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, நீர்த்த சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பயன்படுத்த வேண்டும். காய்ந்த டிஷ்யூ காகிதம் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும்; கீறலில் அழுக்கு குடியேறும். நீர் உள்ளே வரும் இடத்தில் சிறு வடிகட்டி ஒன்று இருக்கும். ஜப்பானில் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். நம் மேல்தொட்டித் தண்ணீருக்கு அடிக்கடி பார்க்கவேண்டி வரும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரமும் நீரும் ஈரமான உடம்பும் ஒரே இடத்தில் சந்திக்கும் கருவி இது.

கோப்பையைக் கழுவும் திரவத்தைப் பற்றி அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். நீலப் புட்டியில் வரும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரிலும் வெளுப்புத் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட். நாசிலைக் கழுவும் நீரில் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் உறவுதான் அது. கிளீனரும் வெளுப்புத் திரவமும் சேர்ந்தால், அங்கே குளோரின் நீரோடு சேர்ந்த வினை பின்னோக்கி நடக்கிறது: அமிலம் ஹைப்போகுளோரைட்டைக் குளோரின் வாயுவாகத் திருப்பித் தள்ளுகிறது. முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே பதுங்குகுழிகளில் பரவவிடப்பட்ட வாயு இதுவே. ஜப்பானில் 1987-இல் தோகுஷிமா மாவட்டத்துப் பெண் ஒருவர் கழிப்பறையைக் கழுவும்போது இந்த இரண்டும் கலந்து உண்டான வாயுவால் இறந்துபோனார். அதன் பிறகுதான் அந்நாட்டுப் புட்டிகளில் ‘கலக்காதே, ஆபத்து’ என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் வந்தது. நம் வீடுகளில், ‘இன்னும் பளிச்சென்று வரட்டும்’ என்று இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றும் பழக்கம் இருக்கிறது. ஜன்னல் இல்லாத, கதவு சாத்திய சிறு அறையில் இதைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவோ பணிப்பெண்ணாகவோ இருக்கிறார். இன்று ஆசிட் போட்டால் இன்று வேறெதுவும் வேண்டாம். வினிகரும் அமிலம்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஃபாசெட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பிளம்பர்களில் பலரே அதைச் சொல்வதில்லை. நீர் எப்போதும் தொட்டியிலிருந்து குழாய்க்குத்தான் ஓடும் என்று நினைக்கிறோம். ஆனால் இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள்: மேல்மாடிக் கழிப்பறையில் ஃபாசெட் தொங்கலிலிருந்து நழுவி, அழுக்குத் தண்ணீர் இருக்கும் வாளியிலோ கோப்பையிலோ முங்கிக் கிடக்கிறது. அதன் வால்வும் சரியாக மூடவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்தொட்டி காலியாகிவிடுகிறது. கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். கீழே இறங்கும் நீர் பின்னாலிருப்பதை உறிஞ்சுகிறது. வாளித் தண்ணீர் ஹோஸ் வழியாக மேலேறி, வீட்டுக் குழாய்களுக்குள் போய்விடும். பிரிட்டனில் கழிப்பறை ஹோஸை நேரடியாகக் குடிநீர்க் குழாயில் இணைக்க விதிகள் அனுமதிப்பதில்லை. கழிப்பறை நீரை மிக மோசமான ஐந்தாம் வகை என்று அவை தரம்பிரித்து, இடையில் காற்று இடைவெளியுள்ள தனித்தொட்டி கேட்கின்றன.

நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்லை. கழிப்பறைக்கும் சமையலறைக்கும் ஒரே மேல்தொட்டிதான். குறைந்தபட்சமாகச் செய்யக்கூடியவை இரண்டு. ஃபாசெட்டைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் சுவரிலுள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட வேண்டும். ஹோஸ் இரவு பகலாக அழுத்தத்தில் உப்பிக் கிடந்து வெடிப்பதும் அதனால் தவிரும். வெளியூர் போய்த் திரும்புவதற்குள் வீடு முழுக்க நனையாமலும் இருக்கும். அடுத்த முறை பிளம்பர் வரும்போது, கழிப்பறைக்குப் பிரியும் குழாயில் ஒரு என்.ஆர்.வி. போடச் சொல்லுங்கள். பிரிட்டனின் காற்று இடைவெளிக்கு அது ஈடாகாது. ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு வால்வு அது. உப்புத் தண்ணீரில் இறுகிவிடும் என்பதால் அதையும் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.