பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்

மறைந்த இசையை மீட்பதற்கு மேலைநாட்டார் ஒரு வழி கண்டனர். ஏடுகளில் உறங்கிக் கிடந்த இசைக்குறிப்புகளைத் தேடியெடுத்து, அக்காலத்துக் கருவிகளையும் புதிதாகச் செய்து, ஆர்னால்டு டோல்மெட்ஸ் என்பார் 1925-இல் இங்கிலாந்தின் ஹேசில்மியர் என்னும் ஊரில் ஒரு விழாவைத் தொடங்கினார். இன்று அங்கே சாதாரண மக்கள் கூடி அமைத்த பாடகர் குழுக்களும் பருவந்தோறும் பழம்பாடல்களை அரங்கேற்றுகின்றன. இச்செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் நினைவு கொத்மலைக்குச் செல்லும். ஏடு எதுவுமின்றிப் பருவம் தவறாது பாடும் ஒரு குழுவை நான் அங்கே கண்டிருக்கிறேன்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று தோட்டத்து லயங்களின் நடுவே காமன் கம்பம் ஊன்றுவர். அன்று முதல் பௌர்ணமி வரை காமன் கூத்துப் பருவம். பகலில் கொழுந்தும் கவ்வாத்தும், இரவில் தப்பொலி. ரதியும் மன்மதனும் மணம் புரிவர், சிவனது நெற்றிக்கண் மதனை எரிக்கும், ரதி புலம்புவாள். ரதி வேடம் புனைபவரும் ஆண்மகனே. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சூழ நிற்போர் அனைவரும் அதை ஏந்திப் பாடுவர்.

இப்பாட்டு நெடுவழி நடந்து வந்தது. தஞ்சையை 1676 முதல் மராத்தியர் ஆண்ட காலத்தில் அவர்தம் லாவணி தமிழில் வேரூன்றிற்று. காமன் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சியாக நின்று வாதிட்டுப் பாடும் வழக்கம் தமிழூர்களில் தழைத்தது. 1820-களில் கோப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வரத் தொடங்கிய தொழிலாளரோடு காமனும் மலையேறினான். கொத்மலைப் பள்ளத்தாக்கிலோ சிங்கள உழவர் அறுவடைக்குக் கொயம் கவி பாடினர். அதிலும் ஒருவர் தொடங்கப் பலர் தொடர்வர். மொழி வேறாயினும் முறை ஒன்றே.

அவ்விரு பாட்டுக்கும் ஒரே வகைக் கேடு நேர்ந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. 1985-இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்தில் சிங்களக் கிராமங்களும் வயல்களும் மூழ்கின. இருசாராரிடத்தும் பாட்டு இருந்தது. கூடிப் பாடியவர்கள் கலைந்து போயினர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி இரவில் நான் குறிப்பேட்டுடன் கம்பத்தருகே அமர்ந்திருந்தேன். கூத்தை நடத்திய முதியவர் அடிகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுதினேன். பிறகு அவர் கேட்டார்: "ஐயா, பாட்டை எழுதிவிட்டீர்கள். பின்பாட்டை எதில் எழுதுவீர்கள்? என் சிறுவயதில் எங்கள் குழுவில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். இப்போது பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அடியெடுக்க நான் ஒருவன் போதும், ஏந்துவதற்குத்தான் ஆளில்லை."

எழுதி வைப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் நூலாகாதிருந்தால் எத்தனையோ பாடல்களின் சுவடே நமக்குக் கிடைத்திராது. ஆயினும் நூல் சொல்லைக் காக்கும். கூடி எழும் குரலை மனிதர்தாம் காக்க வேண்டும். ஹேசில்மியரில் அறுந்த இழையை ஏட்டின் துணையால் முடிந்தனர். நம்மிடம் இழை இன்னும் அறவில்லை; மெலிந்திருக்கிறது.

அன்றிரவு குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு நானும் வரிசையில் போய் நின்றேன். என் குரல் தப்போடு சேரவில்லை. அருகில் நின்ற சிறுவன் சிரித்துவிட்டு, எனக்காக உரக்கப் பாடினான். விடியுமுன் ஓரளவு சேர்ந்தது.

ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த மாசியில் தப்பொலி கேட்டால் பார்வையாளராக அமர்ந்துவிடாதீர்கள். பின்வரிசையில் இடம் இருக்கிறது.