உயிர் இழுத்துக்கிட்டிருக்கும்போது

பேச்சுமூச்சில்லாமல் விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். அவர் வாய் திறந்து திறந்து திணறும். "உயிர் இழுத்துக்கிட்டிருக்கு, தொடாதீங்க" என்பார் ஒருவர். சோடா வாங்க ஓடுவார் இன்னொருவர். அந்த இழுப்பு மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் சற்று நேரம் அப்படி இழுக்கும். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சீரான மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ரத்தம் போகாவிட்டால் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். பாளையம்பட்டி போன்ற ஊருக்கு அருப்புக்கோட்டை பக்கம்தான்; ஆனாலும் ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108-ஐ அழைத்துக்கொண்டே, கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு முறியலாம். அது பிறகு ஒட்டிக்கொள்ளும். வாயில் ஊதத் தெரியாதவர்கள் அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். விழுந்தவர் பெண் என்றாலும் தயங்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு அப்படியல்ல. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் பிள்ளையின் இதயம் நிற்கிறது. அதனால் மூச்சு கட்டாயம். வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு ஊதுங்கள். மார்பை இரு கையாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் 4 செ.மீ. அளவு அமுக்குங்கள். 30 முறை அமுக்கி 2 முறை ஊத வேண்டும். கண்மாயில் மூழ்கியவர்களுக்கும் மூச்சுதான் முதலில். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் உயிரோடு விளையாடுவது.

"நாளைக்கு கேஸுன்னு அலையணுமே" என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்ந்தது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு முதலுதவி செய்தவர்மீது, கைப்பிசகு நேர்ந்தாலும், வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டிலோ வயலிலோ நடந்தால், நல்லெண்ணத்தில் செய்த உதவி குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு. அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்பது 1989-லேயே வந்த தீர்ப்பு. சாலை விபத்துக்கு, தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தின் வரம்புக்குள் இலவசம்.

அமுக்குபவருக்கு இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். கூடி நிற்பவர்களில் ஒருவர் பக்கத்தில் மண்டியிட்டுத் தயாராக இருங்கள். இடைவெளி விடாமல் மாற்றிக்கொள்ளலாம்.