நீரும் நெருப்பும் - 11: சுடுகிற குப்பி

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் தன் பைக்கில் ஒரு குப்பியை மாட்டியிருக்கிறார். உள்ளே எவர்சில்வர் தகடுகள், காரம் கலந்த தண்ணீர். பேட்டரி மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. வரும் வாயு இன்ஜினுக்குப் போகிறது. "பெட்ரோல் பாதி மிச்சம்னு சொல்லித் தந்தாவ சாரே. ஆனா அரை மணிக்கூர் ஓடினா குப்பி சுடுது, தொட முடியல்ல. அது எதுக்கு?"

நீர் மின்பகுப்பின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வாயுவாக மாறாத மின்சாரம்தான் அந்தச் சூடு.

ஒரு கிலோ ஹைட்ரஜன் வேண்டுமென்றால் இவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பது ஃபாரடே காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. அதில் பேரம் பேச இடமில்லை. நம் கையில் இருப்பது மின்னழுத்தம் மட்டும். வெளியிலிருந்து வெப்பம் தராவிட்டால், இரு தகடுகளும் நடுவே தண்ணீரும் கொண்ட ஒரு கலத்துக்குக் குறைந்தது 1.48 வோல்ட் வேண்டும்; கிலோவுக்கு 39.4 யூனிட் ஆகும். ஆலைகளில் ஓடும் கலங்கள் 1.8 முதல் 2 வோல்ட் வரை கேட்கின்றன. செலவு 50 யூனிட்டை ஒட்டியும் அதைத் தாண்டியும் போகிறது. 0.1 வோல்ட் குறைத்தால் கிலோவுக்கு 2.7 யூனிட் மிச்சம். விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது இந்தப் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்காகத்தான்.

மின்சாரத்தை அதிகம் விழுங்குவது ஆக்ஸிஜன் வெளிவரும் நேர்மின்முனை. அங்கே வினை மந்தமாக நடக்கிறது. தள்ளிவிடக் கூடுதல் வோல்ட் தேவை. தகட்டில் ஒட்டிக்கொண்டு விலகாத குமிழிகள் இன்னொரு தடை: குமிழி உட்கார்ந்த இடத்தில் வினை நடக்காது. தகடுகளுக்கு நடுவே உள்ள தண்ணீரும் தன் பங்குக்கு மின்சாரத்தைத் தடுக்கும். அதனால்தான் ஆலைகளில் 30 சதவீதம் வரை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, 70, 80 டிகிரிச் சூட்டில் ஓட்டுகிறார்கள். நிக்கல் தகட்டின் மேற்பரப்பை நுண்துளைகள் நிறைந்ததாக்கி, நடுவில் மெல்லிய சவ்வை வைத்து, இரு தகடுகளையும் அதன்மேல் ஒட்ட அழுத்திவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் ஆய்வாளர்கள் 2022-ல் குமிழிச் சிக்கலையே ஒழிக்கப் பார்த்தார்கள். திரி எண்ணெயை இழுப்பதுபோல நடுச்சவ்வு தண்ணீரை இழுத்துத் தகடுகளுக்குத் தரும். தகடுகள் நீரில் மூழ்குவதே இல்லை. 85 டிகிரியில் 1.51 வோல்ட் போதுமானதாக இருந்தது. அது ஆய்வகக் கலத்தின் அளவு; ஆலையின் பம்புக்கும் கம்ப்ரஸருக்கும் ஆகும் மின்சாரம் தனி.

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது நமக்குப் புதிய வித்தையில்லை. பக்ரா அணை மின்சாரத்தை நம்பி, 1960-களின் தொடக்கத்திலேயே நங்கல் உர ஆலையில் பெரிய அளவில் தண்ணீரைப் பிரித்தார்கள். மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருக, பின்னாளில் அந்த ஆலை எரிஎண்ணெய்க்கு மாறியது. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், காஸ்டிக் சோடா ஆலைகளுக்காக டைட்டானிய நேர்மின்முனையை உருவாக்கியது. முன்பு இருந்த கிராஃபைட் முனை தேயத் தேய முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், மின்கட்டணமும் ஏறும். டைட்டானியம் அப்படித் தேயாது. தண்ணீர்க் கலத்துக்கும் இதே அறிவுதான் வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் தரும் சோதனை நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது.

கீரிப்பாறைக்குத் தென்கிழக்கே முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. ஆனிக் காற்றில் கிடைக்கும் மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் காற்று ஓய்ந்து மின்னோட்டம் ரொம்பவும் இறங்கினால், ஆக்ஸிஜன் உற்பத்தி குறைந்துவிடும். சவ்வு வழியே கசியும் ஹைட்ரஜனோ குறையாது. ஆக்ஸிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் வெடிக்கும் அபாயம். காற்றின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கலத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பைக் குப்பிக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. பேட்டரியை நிரப்புவதே பெட்ரோல்தான். இன்ஜினில் ஒரு நஷ்டம், மின்னாக்கியில் ஒரு நஷ்டம், குப்பியில் ஒரு நஷ்டம். கடைசியில் கிடைக்கும் வாயு, செலவான பெட்ரோலில் ஒரு சிறு பங்குக்குத்தான் ஈடாகும். போதாக்குறைக்கு ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்தே வருவதால் வெடிக்கவும் கூடும். கழற்றிவிடச் சொன்னேன்.

ஹைட்ரஜன் எந்திரம் விற்க யார் வந்தாலும், கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். மின்சாரம் மட்டும் போதும், 39-க்கும் கீழே முடித்துத் தருகிறோம் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)