சயாம் பாதையில் மெதுவாக: மிதிவண்டியும் வாடகை வண்டியும்

காஞ்சனபுரிக்குப் போய் வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. காலையில் பேங்காக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்து புறப்படும். பத்து மணிக்குப் போர்க் கல்லறை, பதினொரு மணிக்குக் குவாய் ஆற்றுப் பாலம், பாலத்தின்மேல் நின்று நாலு படம், மதிய உணவு, மாலையில் மீண்டும் பேங்காக். திரும்பி வந்தவர்களிடம் கேட்டால், "அங்கே நம்மவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே" என்பார்கள். இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சென்ற டிசம்பரில் நாங்கள் நால்வர் ஷா ஆலத்திலிருந்து புறப்பட்டு, ரயில், மிதிவண்டி, வாடகை வண்டி என்று மாறி மாறி ஐந்து நாள்கள் அந்தப் பாதையில் சென்று வந்தோம். அப்படி ஒரு பயணத்தை எப்படி ஏற்பாடு செய்வது, ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏன் என்பது. சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் நொங் ப்ளாடுக்கில் தொடங்கிப் பர்மாவின் தன்பியூசயாத்தில் முடிந்தது. ஜப்பானிய இராணுவம் 1942-இல் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளையும் இணைத்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சம் பேர் அளவில் இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்தார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள்.

போர்க்கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எந்த நாளில் எந்த நோயால் இறந்தார் என்று ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டே உடல்களைத் தோண்டி எடுத்துப் பெயரோடு அடக்கம் செய்தார்கள். காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். நம் மக்களின் முகாம்களில் பெயர் எழுத ஆளில்லை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். எனவே நம்மவர்களுக்கு ஓர் இடத்தில் போய் நிற்கும் கல்லறை கிடையாது. அந்தப் பாதை முழுவதுமே அவர்கள் இருக்கும் இடம். பேருந்தில் இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு அது தெரியாமற்போவதில் வியப்பில்லை.

இன்று ஷா ஆலம் மாநிலத் தலைநகர். நகரம் உருவாகும் முன் இங்கே நின்றவை பால்மரமும் செம்பனையும்தாம். பழைய பெயர் சுங்கை ரெங்கம். மிட்லண்ட்ஸ், கிளன்மேரி போன்ற தோட்டப் பெயர்கள் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் தங்கியிருக்கின்றன. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆள்கள் போனார்கள். எங்கள் நால்வரில் ஒருவருடைய பாட்டியின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. எந்த முகாம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனிப் பயண ஏற்பாடு.

சொந்தக் காரில் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் ஷா ஆலத்திலிருந்து காஞ்சனபுரி ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும். எல்லையில் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி வாங்க வேண்டும்; வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். விமானத்தில் போனால் விரைவு. ஆயினும் நான் ரயிலைத்தான் சொல்வேன், காரணம் இருக்கிறது.

ஷா ஆலம் நிலையத்திலோ பத்து தீகாவிலோ கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து இடிஎஸ் ரயிலில் ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசார். குடிநுழைவு அங்கேயே, அந்த நிலையத்திலேயே. மாலையில் தாய்லாந்தின் படுக்கை வசதி ரயில் பேங்காக்கை நோக்கிப் புறப்படும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது அவர்கள் நேரம் என்பதை மறக்க வேண்டாம். படுக்கைகள் விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழைபவர்கள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்கள் போலியானவை.

மறுநாள் விடியலில் அந்த ரயில் பான் போங் என்ற சிற்றூரைக் கடக்கும். மலாயாவிலிருந்து மூடிய சரக்குப் பெட்டிகளில் நம் மக்களை ஏற்றி வந்து இறக்கிய இடம் அதுதான். அவர்கள் வந்ததும் இதே தண்டவாளத் தடம்தான். அங்கிருந்து பலர் காட்டுக்குள் நாள்கணக்கில் நடத்திக் கொண்டு செல்லப்பட்டனர். அடுத்த சில நிமிடங்களில் நொங் ப்ளாடுக் சந்திப்பு. நாம் நக்கோன் பாத்தோமில் இறங்கி, நாம் தோக் செல்லும் சாதாரண ரயிலைப் பிடிக்க வேண்டும். நாளைக்கு ஒருசில ரயில்கள்தாம். வெளிநாட்டவருக்கு எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 100 பாட்.

முதல் இரண்டு நாள்: மிதிவண்டி

காஞ்சனபுரியில் ஆற்றோரத் தங்கும் விடுதிகள் பலவற்றிலும் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். கூடை வைத்த சாதாரண வண்டி எங்களுக்கு நாளுக்கு 50 பாட் ஆனது. ஊருக்குள் சுற்ற அது போதும். எடுக்கும்போது இரண்டு தடைக்கட்டைகளையும் அழுத்திப் பாருங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள், பூட்டு கேளுங்கள். வழியில் காற்று இறங்கினால் பயமில்லை. மோட்டார் சைக்கிள் கடை எதுவானாலும் "பா யாங்" என்றால் ஒட்டுப்போட்டுத் தருவார்கள்.

மொழிக் கழகத்தார் இரசிக்கத்தக்க ஒன்று: தாய் மொழியில் மிதிவண்டிக்குப் பெயர் 'சக்கரயான்'. வாடகைக் கார் 'ரொத் சாவ்'. அந்த 'ரொத்' நம் ரதமேதான். ஊரின் பெயரே காஞ்சனபுரி, பொன்னூர். பெயர்ப்பலகை படிக்கத் தெரியாவிட்டாலும் காதில் விழும் பாதிச் சொற்கள் வழியில் சந்தித்த உறவினரைப்போல இருக்கும்.

போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் இருக்கிறது. முதலில் அங்கே போய் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டால் பிற்பாடு பாதை புரியும். அடுத்து, கல்லறைக்குச் சற்றுத் தள்ளி வாட் தாவோன் என்ற பௌத்தக் கோயில். அதன் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. இறந்த தமிழர்களுக்காக 2023 மே மாதத்தில் காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து என்றாலும் நட்டார்களே என்று ஒரு நிம்மதி.

பாலத்துக்குப் போகும் வழியில், ஜப்பானிய இராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று மதில் சூழ நிற்கிறது. மதிலின் மூலைகளில் பல மொழிகளில் கல்வெட்டு. தமிழிலும் உண்டு. வேலை வாங்கியவர்களே செத்தவர்களின் மொழியில் எழுதி வைத்த கல் அது. பாலத்தில் நூறு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே எங்கள் நால்வரைத் தவிர யாரும் இல்லை. மிதிவண்டியில் போனதால்தான் நின்றோம்.

இரண்டாம் நாள் ஆற்றைக் கடந்து சுங்காய் கல்லறைக்குப் போனோம். நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவு. 1,700-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் கல்லறைகள் உள்ள அமைதியான இடம். அதற்கு அப்பால் மரவள்ளியும் கரும்பும் விளையும் கிராமச் சந்துகள். காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். டிசம்பரிலும் நண்பகல் வெயில் கடுமை. நாய்கள் துரத்தினால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் அவை சலித்துப் போய்விடும். சைவ உணவுக்காரர்கள் "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வடக்கே: வண்டி

காஞ்சனபுரிக்கு வடக்கே 323-ஆம் நெடுஞ்சாலை. கரும்பு லாரிகள் பறக்கும் அந்தச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் ஏற்பாடு இது: மிதிவண்டிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடப்பது, கிளைச்சாலை வந்ததும் மூவர் இறங்கி மிதிப்பது, ஒருவர் வண்டியை அடுத்த ஊருக்கு ஓட்டிச் சென்று காத்திருப்பது. ஓட்டுபவர் முறை மாறும்.

இதற்குச் சிறிய கார் உதவாது. நான்கு பேரும் நான்கு மிதிவண்டிகளும் எங்கே அடங்கும்? நான்கு கதவுள்ள பிக்கப் எடுங்கள். தாய்லாந்தில் இந்த வண்டிகள் மலிந்து கிடக்கின்றன. நாங்கள் நாளுக்கு 1,500 பாட் கொடுத்தோம். பின்தட்டில் பழைய போர்வை விரித்து மிதிவண்டிகளைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினால் போதும். மிதிவண்டியும் இப்போது பற்சக்கரம் மாற்றும் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் தோக்குக்கு அப்பால் மேடு.

ஆசியான் நாடுகள் 1985-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நம் மலேசிய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். சாலையும் நம்மைப்போல இடப்பக்கம்தான். ஆனால் 'பி' உரிமம் வைத்திருக்கும் இளையோருக்கு வாடகைக் கடைகள் வண்டி தருவதில்லை. வயதும் 21 என்றும் 23 என்றும் கடைக்குக் கடை கேட்பார்கள். ஆகவே பட்டதாரி அண்ணன், அக்கா யாராவது குழுவில் இருப்பது நல்லது. ஓட்டப்போகும் எல்லாருடைய பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. முதல்தரக் காப்புறுதியா, விபத்தில் நம் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

பிணையாகக் கடப்பிதழைக் கேட்கும் கடைகள் உண்டு. கொடுக்கவே கூடாது. வடக்கே சோதனைச் சாவடிகளில் அசல் கடப்பிதழைக் காட்ட வேண்டும். கடையில் விட்டுவிட்டு என்ன செய்வது? நகலும் ரொக்கப் பிணையும் போதும் என்று சொல்லும் கடை கிடைக்கும் வரை தேடுங்கள். எங்களுக்கு மூன்றாவது கடையில் கிடைத்தது, 5,000 பாட் பிணை. வண்டியைத் தொடும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்தோம். திருப்பித் தரும்போது பின்கதவின் பழைய கீறல் ஒன்றைக் காட்டி அவர்கள் பணம் கேட்க, முதல் நாள் எடுத்த படத்தைக் காட்டினோம். அத்தோடு பேச்சு முடிந்தது.

வாங் போவுக்கு அருகில் தாம் க்ராசே. பாறைச் சரிவை ஒட்டி, ஆற்றின் மேல் மரக்கால்களில் நிற்கும் பாலம். இன்றும் ரயில் இதன்மேல் ஊர்ந்து போகிறது. ரயில் இல்லாத நேரத்தில் நடந்து பார்க்கலாம். அங்கிருந்து ஆற்றோரச் சாலைகளில் மிதிவண்டி. பத்துக் கிலோமீட்டர் மிதித்ததும் சட்டை நனைந்துவிட்டது. கையில் தண்ணீர்ப் புட்டியும் முன்னே காத்திருக்கும் வண்டியும் இருந்தபோதே அப்படி. கிலோமீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அங்கேதான் உடம்பில் தெரிந்தது.

ரயில் நாம் தோக்கோடு நின்றுவிடுகிறது. போருக்குப்பின் கைவிடப்பட்ட பாதையைத் தாய்லாந்து அரசு 1958-இல் அதுவரைதான் சீர்செய்து திறந்தது. அப்பால் தண்டவாளம் இல்லை. இருபது கிலோமீட்டர் போனால் நரகத்தீக் கணவாய் எனப்படும் ஹெல்ஃபயர் பாஸ். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் பாறையை வெட்டியதால் கைதிகள் வைத்த பெயர். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது, கட்டணமில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பழைய தடத்தில் நடக்க நேரம் வேண்டும். காட்சியகத்தில் ஆசியத் தொழிலாளர் பற்றிய பகுதி சிறியது. பார்வையாளர் ஏட்டில் தமிழில் எழுதிவிட்டு வந்தோம்.

நேரம் இருந்தால் தோங் பா பூம் வழியாகச் சங்க்லாபுரி வரை போகலாம். காஞ்சனபுரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், மலைச்சாலை. மாலை ஐந்துக்குப் பிறகு ஓட்ட வேண்டாம். பாதையின் இரு முனைகளும் இணைந்த கொன்கொய்தா இந்தப் பக்கத்தில்தான். 1984-இல் காவ் லேம் அணையில் நீர் தேங்கியபோது பாதையின் ஒரு பெரும் பகுதி ஏரிக்குள் போய்விட்டது.

புறப்படுமுன் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரு நாவல்களையும் படித்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், உடன் போனவர்கள் யார் என்று கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். ரயில், வண்டி, எண்ணெய், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு 1,200 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. நால்வராகப் போனால்தான் இந்தக் கணக்கு.